தைனமோவிலிருந்து றிமோட் கார் வரை

மின்சாரத்தை மிதித்துப் பெற்ற ஒரு தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. 1990 ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டதன் பின்னர் வடக்கிற்குச் செல்லும் பொருட்கள் பலவற்றை அரசாங்கம் தடைசெய்தது. அப்பட்டியலில் பெற்றரியும் இருந்தது. யாழ்ப்பாணத்தவர்கள் சைக்கிளை நிறுத்தி வைத்து, அதன் தைனமோவில் வானொலிப் பெட்டியைப் பொருத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற ஏனையோர் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்ட கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். எங்கள் மட்டக்களப்பின் கதை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை என்பது எனது நெடுநாள் மனக்குறை.

இங்கும் சோதனைச்சாவடிகளுக்கு அப்பால் எதை எவ்வளவு கொண்டு செல்லலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. செங்கலடியில் கறுத்தப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குச் சென்றவர்கள் அந்தக் கணக்கை அறிவார்கள். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குச் செல்லும் பிரதான வீதியில் வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகிய ஊர்களைக் கடந்தால் கிரான் வரும். அங்கிருந்து மேற்கே குடும்பிமலைப் பக்கமாக விரிந்து கிடக்கும் நிலப்பரப்பு, 2007 ஜூலை மாதம் வரையில், அரசாங்கத்தின் மொழியில் ‘விடுவிக்கப்படாத பகுதி’. வீதியோரக் கிராமங்களில் நான்கு பெற்றரிகளை ஒன்றாக வாங்கினாலே கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

கிரானில் வசிக்கும் எனது மைத்துனர், அதாவது தங்கையின் கணவர், அந்நாட்களில் வானொலி திருத்துபவர். சைக்கிள் தைனமோவிலிருந்து வருவது ஆடலோட்ட மின்சாரம். 6 வோல்ற்று, 3 வாற்று என்று அதன் உடலிலேயே பொறித்திருப்பார்கள். அதை அப்படியே வானொலிக்குக் கொடுத்தால் இரைச்சல்தான் கேட்கும். மைத்துனர் நான்கு டயோட்டுகளையும் பெரிய கொள்ளளவி ஒன்றையும் ஒரு சிறு மட்டையில் பொருத்தி, அதை நேரோட்டமாக மாற்றிக் கொடுப்பார். பழைய வானொலிகளிலிருந்து கழற்றிய உதிரிப்பாகங்களே அவரது மூலதனம். பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த எனக்கும் அவர் ஒன்று செய்து தந்தார். அந்த மட்டையின் தயவில்தான் பல இரவுகளில் எனது மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதை நான் இலண்டனிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 ஆம் திகதியுடன் நின்றுபோனது. மட்டை இன்னும் எனது மேசை இலாச்சியில் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒருநாள் மைத்துனர் வாடிக்கையாளர் ஒருவருடைய வானொலியைத் திருத்திக் கொடுக்கச் சைக்கிளில் சென்றார். பாடப்புத்தகம் பற்றாசுக்கோல் என்று சொல்லும் அந்த ஈயம் பிடிக்கும் கோலும், ஒரு சுருள் வயரும், பிய்த்தெடுத்த மோட்டார் ஒன்றும் முன்கூடையில் இருந்தன. கசெற் பிளேயரின் மோட்டார் அது. சோதனைச்சாவடியொன்றில் இறக்கப்பட்டார். வயர், மோட்டார், தமிழ் இளைஞன் என்ற மூன்றும் ஒரே கூடையில் இருந்தால் அக்காலத்தில் அதற்கு ஒரே பொருள்தான். 1979 இல் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எவரையும் நீண்டகாலம் தடுத்துவைக்க முடிந்தது. எனது தங்கை கைக்குழந்தையுடன் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். மூன்று மாதங்களின் பின்னர் அவர் திரும்பி வந்தார். வந்தவர் கோலைத் துணியில் சுற்றி வீட்டுப் பரணில் வைத்தார். அதன் பின்னர் வயலும் நான்கு மாடுகளுமே அவரது தொழிலாயின. வானொலி பழுதென்று யாராவது வந்தால் ‘எனக்கு மறந்து போயிற்று’ என்பார்.

இவ்வளவையும் எழுதக் காரணம் ஒரு விளையாட்டுக் கார்.

அன்று தங்கையின் இடுப்பில் இருந்த அந்தக் குழந்தைக்கு இப்போது பதினான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான். சுவிற்சர்லாந்தில் இருக்கும் அவனுடைய சித்தப்பா ஊருக்கு வந்தபோது, தன் பிள்ளைகள் ஓடிக் கழித்த றிமோட் கார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சந்தையில் விற்கும் மலிவான விளையாட்டுப் பொருள் அல்ல அது. உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டு, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிப் பூட்டக்கூடிய வகையைச் சேர்ந்தது. கொண்டுவந்த பெற்றரி உயிரற்றுக் கிடந்தது. பையன் வேறொரு பெற்றரியைத் தேடிப் பிடித்து, அதன் முனை காரின் முனையுடன் பொருந்தாததால் வெட்டி ஒட்டினான். சிவப்பு கறுப்புடனும் கறுப்பு சிவப்புடனும் சேர்ந்துவிட்டன. சுவிற்சைப் போட்டதும் காரின் நடுவிலிருந்த சிறிய பெட்டியிலிருந்து புகை எழுந்தது. அந்தப் பெட்டிக்குப் பெயர் வேகக் கட்டுப்படுத்தி. ஸ்பீட் கொன்ரோலர் என்றால் கடைகளில் விளங்கிக்கொள்வார்கள்.

புகை மணம் முற்றத்தைத் தாண்டி மாட்டுக்கொட்டில் வரைக்கும் சென்றிருக்க வேண்டும். மைத்துனர் எழுந்து வந்தார். காரைத் தூக்கிப் பார்த்தார். “பெட்டிதான் போயிற்று மனே. மோட்டர் இருக்கும்” என்றார். ஏறத்தாழ முப்பது வருடங்களின் பின்னர் அவர் சொன்ன முதலாவது தொழில் வார்த்தை அது.

அவர் சொன்னது எவ்வாறு சரியாக இருந்தது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன். வாசகர்களில் பலருடைய வீட்டிலும் இத்தகைய பொருட்கள் வந்து சேர்கின்றன. விளக்கம் தெரியாமையினால் குப்பைக்கும் போகின்றன.

இத்தகைய கார்களில் இரண்டு வகை மோட்டார்கள் உண்டு. பழைய வகைக்கு இரண்டு வயர்கள். உள்ளே சுற்றுவது வயர்ச்சுருள். வெளியே அசையாமல் இருப்பது காந்தம். சுற்றுகின்ற சுருளுக்கு மின்சாரம் கொடுப்பதற்குக் கார்பன் துண்டுகள் இரண்டு அதனை உரசிக்கொண்டே இருக்கும். பிரஷ் என்று அதனை அழைக்கிறார்கள். இந்த மோட்டாருக்கு இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். வேறெந்தக் கேடும் விளையாது. ஆகவே பெற்றரி தலைகீழானாலும் மோட்டார் பிழைத்துக்கொள்ளும். கட்டுப்படுத்திக்குள் இருக்கும் திரான்சிற்றர்கள் பிழைப்பதில்லை. அவற்றில் மின்சாரம் தடையின்றித் தவறான வழியில் பாய்ந்து கணப்பொழுதில் எரித்துவிடும்.

மைத்துனர் மோட்டாரைத் தனியே கழற்றி, இரண்டு ரோர்ச் பெற்றரிகளைத் தொட்டுப் பார்த்தார். சுற்றியது. அதன் பின்னர் அவர் செய்த காரியந்தான் எனக்கு வியப்பளித்தது. வீட்டிலிருந்த பழைய வானொலியை மத்திய அலையில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்து, சுற்றும் மோட்டாரின் அருகே கொண்டுவந்தார். வானொலி கரகரவென்று இரைந்தது. “கிட்டப் பாரு, மூன்று கொள்ளளவி இருக்கவேணும். ஒன்றின் கால் உடைஞ்சிருக்கு” என்றார். பிரஷ் உரசுமிடத்தில் எழும் சிறு தீப்பொறிகள் ஒவ்வொன்றும் ஒரு வானொலி அலையை எழுப்பும். காரைச் செலுத்துவதும் வானொலி அலையே என்பதால், அந்த இரைச்சல் கட்டளையைக் குழப்பிவிடும். அதனை அடக்குவதற்காக மோட்டாரின் முனைகளில் மிகச் சிறிய கொள்ளளவிகளை வைத்து ஈயம் பிடித்திருப்பார்கள். இதனை அவர் எந்தக் கார்ப் புத்தகத்திலும் படித்ததில்லை. வானொலிக்கு எதிரியான ஓசைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வாழ்ந்தவர் அவர்.

பரணிலிருந்த துணிப்பொட்டலம் அன்று கீழே இறங்கியது.

எரிந்த பெட்டியைத் திருத்த முடியவில்லை. செய்தி சுவிற்சர்லாந்துக்குச் சென்றது. சித்தப்பா புதிய மோட்டார் ஒன்றையும் அதற்குரிய கட்டுப்படுத்தியையும் பொதியில் அனுப்பிவைத்தார். இம்முறை வந்த மோட்டாருக்கு இரண்டு வயர்கள் அல்ல, மூன்று. பையன் திகைத்துப் போனான். கூட்டல், கழித்தல் என்று இரண்டுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம், மூன்றாவது எதற்கு என்பது அவனுடைய கேள்வி. மிகவும் நல்ல கேள்வி.

அதற்கு விடை சொல்வதற்கு முன்னர் வேகக் கட்டுப்படுத்தி என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். வானொலி மூலம் இயங்கும் கார்கள் கடைகளுக்கு வந்த ஆரம்ப காலத்தில், உதாரணமாக ஜப்பானின் தமியா நிறுவனம் 1976 இல் தனது முதலாவது றிமோட் காராகப் போர்ஷே 934 ஐ வெளியிட்ட காலத்தில், வேகத்தைக் குறைப்பதற்கு மின்தடையைப் பயன்படுத்தினார்கள். ஒரு சிறு கை நகர்ந்து மின்சாரத்தை நேராகவோ தடையினூடாகவோ அனுப்பும். மெதுவாக ஓட்டினால் மீதி மின்சாரம் முழுவதும் தடையில் சூடாகி வீணாகும். நமது வீடுகளில் இருந்த பழைய மின்விசிறிகளின் கனத்த ரெகுலேற்றர் நினைவிருக்கிறதா? அதனைத் தொட்டால் சுடும். அதே சங்கதிதான்.

இன்றைய கட்டுப்படுத்தி தடுப்பதில்லை. திறந்து மூடுகிறது. மட்டக்களப்பு வாசகர்களுக்கு இதை விளக்க ஒரு வழி இருக்கிறது. எங்கள் வட்டைகளில் நீர்ப்பங்கீட்டைப் பார்த்துக்கொள்பவர் வட்டவிதானை. வாகனேரிக் குளத்து நீரோ வேறெந்தக் குளத்து நீரோ, வாய்க்காலில் வரும்போது ஒருவருடைய வயலுக்குப் பாதிப் பங்கு கொடுக்க வேண்டுமானால், அவர் வரம்பை முழுவதும் வெட்டிவிட்டுப் பாதி நேரத்தில் அடைத்துவிடுவார். திறந்தால் முழுவதும் திறப்பு, அடைத்தால் முழுவதும் அடைப்பு. பங்கைத் தீர்மானிப்பது நேரம். கட்டுப்படுத்தியும் அவ்வாறே மின்சாரத்தை ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவைகள் முழுவதும் திறந்து முழுவதும் மூடுகிறது. திறந்திருக்கும் நேரம் பாதியானால் மோட்டாருக்குப் பாதி வலு. முழுத்திறப்பிலும் முழுஅடைப்பிலும் திரான்சிற்றர் அதிகம் சூடாவதில்லை. ஆகவே பெற்றரியில் உள்ள மின்சாரம் வீணாவதும் மிகக் குறைவு.

எவ்வளவு நேரம் திறப்பது என்ற கட்டளை கையிலிருக்கும் கருவியிலிருந்து வருகிறது. காரிலுள்ள வாங்கி அதனைப் பெற்று, மெல்லிய மூன்று வயர்களினூடாகக் கட்டுப்படுத்திக்கு அனுப்புகிறது. நொடிக்கு ஐம்பது தடவைகள் அளவில் ஒரு மின்துடிப்பு செல்லும். அது ஒன்றரை மில்லிநொடி நீடித்தால் நிற்க வேண்டும். இரண்டு மில்லிநொடியை நெருங்கினால் முழு வேகம் முன்னோக்கி. ஒரு மில்லிநொடியை நெருங்கினால் தடுப்பு, அல்லது பின்னோக்கிய ஓட்டம். மூன்று வயர்களில் ஒன்று இந்தக் கட்டளைக்கு உரியது. மற்றைய இரண்டும் எதிர்த்திசையில் ஒரு பணியைச் செய்கின்றன. பிரதான பெற்றரியிலிருந்து 5 அல்லது 6 வோல்ற்றை எடுத்து வாங்கிக்கும், முன்சில்லுகளைத் திருப்பும் சிறு மோட்டாருக்கும் ஊட்டுகின்றன. ஆகவே பெரும்பாலான கார்களில் வாங்கிக்கென்று தனியான பெற்றரி தேவையில்லை. இரண்டையும் ஒருசேரப் பொருத்துவது ஆபத்து.

இனிப் பையனின் கேள்விக்கு வருவோம். புதிய வகை மோட்டாரில் எல்லாம் தலைகீழ். காந்தம் சுற்றுகிறது. சுருள்கள் அசையாமல் இருக்கின்றன. உரசுவதற்குப் பிரஷ் எதுவும் இல்லை. தேய்வும் இல்லை, பொறியும் இல்லை. சுருள்கள் மூன்று கூட்டங்களாக வட்டத்தில் அமைந்திருக்கும். கட்டுப்படுத்தி ஒவ்வொரு கூட்டத்துக்கும் முறைவைத்து மின்சாரம் கொடுத்துக் காந்தத்தை இழுத்துக்கொண்டே செல்கிறது. அந்த மூன்று கூட்டங்களுக்கு உரியவைதாம் மூன்று வயர்கள். அவற்றுக்குக் கூட்டலுமில்லை, கழித்தலுமில்லை. உணரி இல்லாத மோட்டாராயின், எப்படி இணைத்தாலும் சுற்றும். பிழையான திசையில் சுற்றினால் மூன்றில் எந்த இரண்டையும் இடம் மாற்றினால் போதும். இரண்டு வயர் மோட்டாரை மூன்று வயர்க் கட்டுப்படுத்தியில் பொருத்தவோ, மூன்று வயர் மோட்டாரைப் பழைய கட்டுப்படுத்தியில் பொருத்தவோ முயல வேண்டாம். உள்ளே இருக்கும் வேலைமுறை வேறு.

இதனை மைத்துனருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் புதிய மோட்டாரைக் கையிலெடுத்து, அச்சை விரலால் சுற்றிப் பார்த்தார். பின்னர் மூன்று வயர்களின் நுனிகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மீண்டும் சுற்றினார். இம்முறை அச்சு இறுக்கமாக இருந்தது. சிரித்தார்.

“இது தைனமோ மனே.”

உண்மைதான். சைக்கிள் தைனமோவிலும் சுற்றுவது காந்தம், அசையாமல் இருப்பது சுருள். அதைச் சுற்றினால் மின்சாரம் வருகிறது. இதற்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றுகிறது. தைனமோவில் ஒரு சுருள், இதில் மூன்று கூட்டம். வேறுபாடு அவ்வளவே. பெடலைச் சுற்றியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். விளக்கு எரியத் தொடங்கியதும் பெடல் கனக்கும். நுனிகளை ஒன்றுசேர்த்ததும் அச்சு இறுகியது அதே காரணத்தினால்தான்.

இன்னுமொரு ஒற்றுமையும் உண்டு. மலிவான மூன்று வயர் மோட்டார்களில் காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அறிய உணரி எதுவும் இருப்பதில்லை. ஓடும்போது சுருளில் பிறக்கும் சிறிய எதிர்மின்னழுத்தத்தைக் கவனித்தே கட்டுப்படுத்தி அதை ஊகிக்கிறது. நிற்கும் காரில் அந்த மின்னழுத்தம் இல்லை. ஆதலால் புறப்படும் கணத்தில் கார் சற்றுத் திக்கித் திணறும். நின்ற சைக்கிளின் விளக்கு எரியாததும் இதுவும் ஒரே விதி. பையன் ‘பழுதா அம்மப்பா?’ என்று பதறியபோது மைத்துனர் சொன்ன விடை இதுதான். விலை கூடிய மோட்டார்களில் உணரியும் அதற்கென்று தனியான மெல்லிய வயர்த்தொகுதியும் இருக்கும். அவை திணறுவதில்லை.

வேலை இரண்டு மாலைப்பொழுதுகளில் முடிந்தது. முதலில் பெற்றரியின் முனை. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஈயம் பிடிக்குமுன் மீற்றரால் ஒருமுறை, பிடித்த பின்னர் ஒருமுறை. பெற்றரியின் இரண்டு வயர்களையும் ஒரே நேரத்தில் உரித்து வைக்கக்கூடாது. ஒன்றை முடித்து மூடிய பின்னரே மற்றதைத் தொட வேண்டும். புதிய பெற்றரி லிதியம் பொலிமர் வகை. இரண்டு கலங்கள், 7.4 வோல்ற்று. நிறைந்திருக்கும்போது 8.4. ஒரு கலம் 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் பழுதாகிவிடும். ஆகவே கட்டுப்படுத்தியில் பெற்றரியின் வகையைச் சரியாகக் குறித்துவைத்தால், அளவு குறைந்ததும் அதுவே காரை நிறுத்திவிடும். உப்பிய பெற்றரியை மீண்டும் மின்னேற்றக்கூடாது. மின்னேற்றும்போது வீட்டில் ஆளில்லாமல் விட்டுச் செல்லவும் கூடாது. தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

அதன் பின்னர் கையிலுள்ள கருவிக்கும் கட்டுப்படுத்திக்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். எது ஓய்வு, எது முழு வேகம், எது முழுத் தடுப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும் இச்செயலைச் செய்யாமல் விட்டால், கை எடுத்த பின்னரும் கார் தானாக ஊர்ந்துகொண்டிருக்கும். சில்லுகள் நிலத்தைத் தொடாதபடி காரைக் கல்லொன்றின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டே இதைச் செய்தார்கள். ஆரம்பிக்கும்போது முதலில் கையிலுள்ள கருவி, பின்னர் கார். நிறுத்தும்போது முதலில் கார், பின்னர் கருவி. மாறிச் செய்தால் சொந்தக்காரனின் கட்டளை இல்லாமல் கார் விழித்திருக்கும். மைத்துனர் இதைப் பையனைக்கொண்டு இருபது தடவைகள் செய்வித்தார்.

“அம்மப்பா, பின்னுக்குக் கிறுகுது!”

“ரெண்டு வயரைக் கழட்டி மாத்து. எந்த ரெண்டும் சரி.”

இந்த இரண்டு மாலைகளிலும் எனது தங்கை அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் என்னைத் தனியே அழைத்தாள். “அண்ணா, இந்த வயர்ச் சாமான் எல்லாம் இந்த வீட்டுக்குள்ள வேணாம் என்று சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேட்பார்” என்றாள். போர் முடிந்து இவ்வளவு வருடமாகிவிட்டது, இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று சொல்லலாம். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதங்கள் வாசல் வாசலாக நின்றவள் அவள், நான் அல்ல. பொதியுடன் வந்த சுங்கச் சீட்டும் விலைச்சீட்டும் எங்கே என்று மட்டும் கேட்டேன். பெட்டிக்குள் கிடந்தன. எடுத்துக் கொடுத்தேன். அவள் அவற்றை நான்காக மடித்து, அடையாள அட்டைப் பிரதிகளும் பழைய குடும்பப் பதிவு அட்டையும் வைத்திருக்கும் பொலித்தீன் பைக்குள் பத்திரப்படுத்தினாள். அதன் பின்னர்தான் வெளியே வந்து கார் ஓடுவதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போர் நமது மாவட்டத்தில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதைப் பலரும் கணக்கிட்டிருக்கிறார்கள். எத்தனை தொழிலறிவைப் பரணில் ஏற்றி வைத்தது என்பதை எவரும் கணக்கிடவில்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள், பழைய கார்ப் பெற்றரிக்கு மறுபிறப்புக் கொடுத்தவர்கள், தைனமோவில் வானொலி கேட்கச் செய்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நாட்டைவிட்டுச் சென்றார்கள். ஒரு பகுதியினர் மௌனமானார்கள். பற்றாக்குறை கற்றுக்கொடுத்ததை அச்சம் கைமாற விடவில்லை. மகன்களுக்குப் போய்ச் சேர வேண்டியது பேரப்பிள்ளைகளைக்கூட எட்டாமல் போகும் காலம் நெருங்கிவிட்டது. அந்தத் தலைமுறைக்கு இப்போது அறுபதும் எழுபதும் வயது.

விளையாட்டுக் காருக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும். இதே மூன்று வயர்கள்தாம் மின்சார ஸ்கூட்டரின் சில்லுக்குள்ளும் செல்கின்றன. அளவு பெரிது, விதி ஒன்று. வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் இலங்கைக்கும் வந்துவிட்டன. அதன் ஒவ்வொரு விசிறிக்கும் மூன்று வயர் மோட்டார் ஒன்று, கட்டுப்படுத்தி ஒன்று. சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.ரி. வளாகத்து மாணவர்களின் தக்‌ஷா குழு ஆளில்லா விமானங்களைச் செய்து பெயர் பெற்றது. சிறு வயதிலிருந்தே றிமோட் விமானங்களில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித்குமார் 2018 இல் அக்குழுவிற்கு ஆலோசகராக இருந்தார் என்பதைச் சினிமா இரசிகர்கள் அறிவார்கள். அங்கே பறப்பதும் கிரான் முற்றத்தில் ஓடுவதும் ஒரே வித்தையின் இரு கிளைகள். எமது நாட்டில் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் ஆரம்பிக்கப்பட்டது. பாடமும் பரீட்சையும் இருக்கின்றன. கையில் எடுத்துக் கழற்றிப் பார்ப்பதற்குப் பொருளும், பக்கத்தில் அமர்ந்து ‘கிட்டப் பாரு’ என்று சொல்ல ஒருவரும் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கிறார்கள்?

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது, பிள்ளைகள் கைவிட்ட இத்தகைய பொருட்களைக் குப்பையில் போடாமல் கொண்டுவாருங்கள். விலைச்சீட்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். அது யாருக்கு எதற்காகத் தேவைப்படும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள், உங்கள் கிராமத்தில் பழைய வானொலி திருத்துபவர் ஒருவர் இருந்தால், ஏதாவதொரு பழுதான பொருளுடன் ஒரு பிள்ளையை அவரிடம் அனுப்புங்கள். மறந்து போயிற்று என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

பையனின் மனம் இப்போது தண்ணீரின் பக்கம் சென்றிருக்கிறது. மாரியில் ஆறு பெருகிக் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கிவிட்டால், அப்பால் உள்ள ஊர்களின் மக்கள் உழவு இயந்திரத்திலும் தோணியிலும்தான் கடந்து வருவார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கயிற்றின் நுனியைக் கொண்டுசெல்லும் சிறிய றிமோட் தோணி ஒன்றைச் செய்ய வேண்டும் என்கிறான். காரிலிருந்து கழற்றிய பழைய இரண்டு வயர் மோட்டார் அதற்குப் போதுமாம். நிக்கொலா தெஸ்லா 1898 இல் நியூயோர்க்கில் மக்கள் முன்னிலையில் வானொலி அலையால் முதன்முதலில் ஓட்டிக் காட்டியதும் ஒரு சிறு தோணியைத்தான் என்று அவனுக்குச் சொன்னேன். அவனுக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. அச்சுக் குழாய் வழியே உள்ளே வரும் தண்ணீரை எப்படி நிறுத்துவது என்பதே அவனுடைய கவலை. குழாய் நிறையக் கிறீஸ் அடைத்துப் பார்க்கலாம் என்று மைத்துனர் யோசனை சொல்லியிருக்கிறார். கட்டுப்படுத்தி வாங்கக் காசு சேர்கிறது. மார்கழி வெள்ளத்துக்கு முன்னர் முடிந்துவிடும் என்கிறான் பேரன். தைப்பொங்கலுக்கு முன்னர் நடக்காது என்கிறார் அம்மப்பா.